ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா? முதலில், எங்கே தெரியவில்லை?

"புது எஸ்எஸ்டி மாட்டினேன், கம்ப்யூட்டரில் தெரியவே மாட்டேன் என்கிறது" என்று யாராவது சொன்னால் (எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்), விவரம் தெரிந்தவர்கள் உடனே திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எங்கே தெரியவில்லை? கணினியை ஆன் செய்ததும் நுழையக்கூடிய பயாஸ் திரையிலா? விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலா? அல்லது சி, டி என்று டிரைவ்கள் வரிசையாக நிற்கும் 'திஸ் பிசி' பக்கத்தில் மட்டுமா? மூன்றுக்கும் காரணங்கள் வேறு, வைத்தியமும் வேறு. பயாஸிலேயே தெரியாத டிரைவுக்காக விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்து பயனில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பளிச்சென்று தெரிகிற டிரைவுக்குக் கேபிள் மாற்றுவதும் வீண் வேலை.

கரண்ட் போனால் நாம் என்ன செய்கிறோம்? எதிர்வீட்டில் லைட் எரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறோம். எரிந்தால் நம் வீட்டு ஃபியூஸைப் பார்க்க வேண்டும், தெருவே இருட்டாக இருந்தால் மின்வாரியத்துக்குப் போன் போட வேண்டும். டிரைவ் விஷயத்திலும் அதே புத்தியை வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. டிரைவுக்கு மின்சாரம் வர வேண்டும், டேட்டா போகும் வழி மதர்போர்டைச் சேர வேண்டும், பயாஸ் அதை அடையாளம் காண வேண்டும், பிறகு விண்டோஸ் அதைப் படிக்க வேண்டும், கடைசியாக அதற்கு ஓர் எழுத்து ஒதுக்க வேண்டும். இந்த வழியில் எந்த இடம் வரை வந்து நின்றிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே.

கையை வைக்கும் முன் ஓர் எச்சரிக்கை. அந்த டிரைவில் வேண்டிய படங்களோ கணக்குகளோ இருந்தால், 'இனிஷியலைஸ் செய்யவா?', 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் எத்தனை முறை கேட்டாலும் கேன்சலையே அழுத்துங்கள். கோளாறு கேபிளில் இருக்கலாம், டிரைவ் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று குறித்து வைக்கும் பார்ட்டிஷன் பட்டியலில் இருக்கலாம். எதுவானாலும் டிரைவில் புதிதாக எதையும் எழுதாத வரை உள்ளே இருப்பதை மீட்க வழி இருக்கும்.

சாட்டா: இரண்டு கேபிள், இரண்டும் வேண்டும்

டெஸ்க்டாப்பில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குகளும், 2.5 அங்குல எஸ்எஸ்டிகளும் சாட்டா என்ற இணைப்பில் வேலை செய்கின்றன. இதற்கு முன் இருந்த ஐடிஇ காலத்தில் அகலமான சாம்பல் நிறப் பட்டைக் கேபிள், மாஸ்டர், ஸ்லேவ் என்று ஜம்பர் செருகும் தொல்லை எல்லாம் உண்டு. 2003 வாக்கில் சாட்டா வந்து அதை ஒழித்தது. இன்று ஐடிஇ டிரைவ் கையில் கிடைத்தால் யூஎஸ்பி அடாப்டர் வாங்கி டேட்டாவை எடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

சாட்டா டிரைவின் பின்பக்கத்தைப் பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இணைப்புகள். சின்னது 7 பின் கொண்ட டேட்டா இணைப்பு, மதர்போர்டுக்குப் போவது. பெரியது 15 பின் கொண்ட பவர் இணைப்பு, கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருவது. இரண்டிலும் ஓரத்தில் ஒரு வளைவு இருக்கும், அதனால் தலைகீழாகச் செருக முடியாது. முடியவில்லையே என்று அழுத்தினால் டிரைவில் பின்களைத் தாங்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்துவிடும். உடைந்தால் பின்கள் மட்டும் அந்தரத்தில் நிற்கும்.

புதிதாக மாட்டுபவர்கள் அதிகம் செய்வது டேட்டா கேபிளைச் செருகிவிட்டுப் பவரை மறப்பது. அதற்கு அடுத்தபடி, கேபினெட்டின் பக்கவாட்டு மூடியை மூடும்போது அது கேபிளை இடித்து லேசாகக் கழற்றிவிடுவது. கண்ணுக்குச் செருகியிருப்பது போலவே தெரியும். ஒருமுறை முழுதாகக் கழற்றி, மறுபடி 'டக்' என்று உட்காரும் வரை செருகுங்கள். உலோகக் கிளிப் உள்ள கேபிளாக இருந்தால் இந்தப் பிரச்சினை குறைவு. சாட்டா கேபிள் அதிகபட்சம் 1 மீட்டர் நீளம்தான் இருக்கலாம். கூர்மையாக மடித்துக் கட்டி வைத்தாலும் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் கெட்டுப்போகும்.

சோதிக்கும் முறை எளிது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஏற்கனவே ஒழுங்காக ஓடும் டிரைவ் ஒன்று இருக்கிறதல்லவா, அதன் டேட்டா கேபிளைக் கழற்றி இதில் மாட்டிப் பாருங்கள். தெரிந்தால் கேபிளோ, மதர்போர்டில் அதைச் செருகும் போர்ட்டோதான் குற்றவாளி. தெரியாவிட்டால் அதன் பவர் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். அப்போதும் தெரியவில்லையென்றால் சந்தேகம் டிரைவ் மேல் திரும்புகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் டிரைவ் வேலை செய்யத் தொடங்கும், எது கெட்டிருந்தது என்று மட்டும் தெரியாது. அடுத்த வாரம் அதே தலைவலி திரும்ப வரும். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

பவர் கேபிளில் இரண்டு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒன்று, கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ்களின் கேபிள்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. டிரைவ் பக்கம் எல்லாமே ஒரே மாதிரி இருக்கும். எஸ்எம்பிஎஸ் பக்கம் பின்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய், டிரைவின் சர்க்யூட் ஒரு நொடியில் கருகிவிடும். எஸ்எம்பிஎஸ் மாற்றிய அன்று எல்லா டிரைவும் ஒன்றாகப் போயின என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்று கொஞ்சம் விசித்திரமானது. பெரிய கொள்ளளவு ஹார்ட் டிஸ்க்குகள் சிலவற்றில், முக்கியமாக வெளி டிரைவின் பெட்டியைப் பிரித்து எடுத்தவற்றில், பவர் இணைப்பின் 3ஆவது பின்னுக்குப் புதிய வேலை கொடுத்திருக்கிறார்கள். சாட்டா 3.3 விதிமுறையில் வந்த மாற்றம் இது: அந்தப் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிரைவ் தன்னை அணைத்துக்கொள்ளும். சர்வர் அறைகளில் டிரைவைத் தொலைவிலிருந்தே அணைத்துப் போட வசதியாக இருக்கட்டும் என்று செய்தது. பழைய எஸ்எம்பிஎஸ்களோ எப்போதும் அந்தப் பின்னில் 3.3 வோல்ட் அனுப்பிக்கொண்டே இருக்கும். விளைவு, நல்ல டிரைவ் சுற்றவே சுற்றாது. செத்துவிட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு. அந்தப் பின் மேல் வெப்பம் தாங்கும் மெல்லிய டேப் ஒட்டினாலோ, 3.3 வோல்ட் கம்பியே இல்லாத நாலு பின் மோலெக்ஸ் அடாப்டர் வழியாகப் பவர் கொடுத்தாலோ எழுந்து உட்காரும். அடாப்டர் வாங்கினால் கம்பிகளை உருக்கி வார்த்த பிளாஸ்டிக்கில் புதைத்த மலிவு வகை வேண்டாம். உள்ளே கம்பிகள் ஒட்டிக்கொண்டு தீப்பிடித்த கதைகள் ஏராளம்.

எம்.2: ஒரே வடிவம், இரண்டு பாஷை

சூயிங் கம் பட்டை அளவில் வரும் எஸ்எஸ்டிகள்தான் எம்.2. மேலே 2280 என்று எழுதியிருந்தால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். 2242, 2230 என்று குட்டையானவையும் உண்டு. குழப்பம் அளவில் இல்லை, உள்ளே ஓடும் பாஷையில் இருக்கிறது. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த வடிவத்துக்குள் சாட்டா முறையில் பேசும் எஸ்எஸ்டியும் இருக்கலாம், பிசிஐ எக்ஸ்பிரஸ் (சுருக்கமாக பிசிஐஇ) வழியாகப் பேசும் என்விஎம்இ எஸ்எஸ்டியும் இருக்கலாம். வேக வித்தியாசம் சாதாரணமல்ல. சாட்டா நொடிக்கு 550 எம்பி சுற்றுவட்டாரத்தில் நின்றுவிடும், பிசிஐஇ 3.0 என்விஎம்இ 3500 எம்பி வரையும், 4.0 என்றால் 7000 எம்பி வரையும் போகும்.

கடையில் விலை குறைவாக இருக்கிறதே என்று எம்.2 சாட்டா வாங்கி, என்விஎம்இ மட்டுமே ஏற்கும் ஸ்லாட்டில் செருகினால் கனகச்சிதமாகப் பொருந்தும், ஸ்க்ரூவும் ஏறும், ஆனால் எங்கேயும் தெரியாது. தலைகீழாக, சாட்டா மட்டும் ஏற்கும் பழைய லேப்டாப் ஸ்லாட்டில் என்விஎம்இ போட்டாலும் இதே கதைதான். தங்க நிறப் பின்கள் உள்ள ஓரத்தைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம்: இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. விதிவிலக்குகள் இருப்பதால் ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைப் போட்டுத் தேடிப் பார்ப்பதுதான் உறுதி. லேப்டாப்பில் வைஃபை கார்டுக்கும் எம்.2 வடிவ ஸ்லாட்டே இருக்கும், அதில் எஸ்எஸ்டி ஏறாது. அழுத்திப் பார்க்க வேண்டாம்.

மதர்போர்டு மேனுவலை யாரும் படிப்பதில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவாவது கம்பெனியின் தளத்திலிருந்து பிடிஎஃப் இறக்கி ஸ்டோரேஜ் பக்கத்தைப் பாருங்கள். பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் சில சாட்டா போர்ட்டுகளும் ஒரே வழியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எம்.2வில் எஸ்எஸ்டி செருகியதும் 5, 6 எண் கொண்ட சாட்டா போர்ட்டுகள் தானாக அணைந்துவிடும், அல்லது ஒன்று மட்டும் அணையும். போர்டுக்குப் போர்டு கணக்கு வேறு. "புதுசு வேலை செய்கிறது, ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்விட்டது" என்று யாராவது சொன்னால் பழையதை வேறு சாட்டா போர்ட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். பத்துக்கு எட்டு தடவை அதோடு தீர்ந்துவிடும்.

பிராசஸரும் இதில் மூக்கை நுழைக்கும். பி560, இசட்590 வகை போர்டுகளில் 10ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர் போட்டால், பிராசஸரோடு நேரடியாக இணைந்த எம்.2 ஸ்லாட் வேலை செய்யாது. அதே போர்டில் 11ஆம் தலைமுறை போட்டால் வேலை செய்யும். எஸ்எஸ்டி மேல் குற்றமே இல்லை, பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றினால் போதும்.

செருகும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சாய்வாக வைத்து, பின்கள் முழுதும் உள்ளே போகும் வரை தள்ளி, பிறகு மறுமுனையை மெதுவாக அமுக்கி ஸ்க்ரூ போட வேண்டும். ஸ்க்ரூ போடாமல் விட்டால் ஸ்பிரிங் போல அந்த முனை மேலே எழும்பி நிற்கும். தொடர்பு சரியாக இருக்காது, ஒருநாள் தெரியும், ஒருநாள் தெரியாது.

பயாஸில் பார்ப்பது

கணினி ஆன் ஆகும்போது டெலிட் அல்லது எஃப்2 விசையை விடாமல் தட்டினால் பயாஸ் வரும். சில லேப்டாப்களில் எஃப்10, எஃப்1 என்று இருக்கும். அங்கே பலர் நேரே, எந்த டிரைவிலிருந்து கணினி தொடங்க வேண்டும் என்று சொல்லும் பூட் வரிசைக்குப் போய்ப் பார்த்துவிட்டு "இல்லை" என்று முடிவுக்கு வருகிறார்கள். காலியான புது டிரைவில் பூட் ஆவதற்கு ஒன்றுமே இல்லையே, அது எப்படிப் பூட் வரிசையில் வரும்? ஸ்டோரேஜ், சாட்டா கான்ஃபிகரேஷன், என்விஎம்இ கான்ஃபிகரேஷன் போன்ற பெயருள்ள பக்கத்தில்தான் தேட வேண்டும். அங்கே மாடல் பெயரும் கொள்ளளவும் தெரிந்தால் கேபிள், பவர், ஸ்லாட் எல்லாம் சரி என்று பொருள். அதற்கப்புறம் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிடலாம்.

பயாஸில் தெரிகிறது, ஆனால் விண்டோஸ் இன்ஸ்டால் செய்யப் போனால் "டிரைவ் எதுவும் இல்லை" என்கிறதா? 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த இன்டெல் லேப்டாப்களில் இது சர்வசாதாரணம். விஎம்டி என்ற ஓர் அமைப்பு பயாஸில் ஆன் ஆகியிருக்கும். எஸ்எஸ்டியை அது தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வதால் விண்டோஸின் சாதாரண இன்ஸ்டாலர் கண்ணில் படாது. லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பென் டிரைவில் பிரித்துப் போட்டு, இன்ஸ்டால் திரையில் 'லோட் டிரைவர்' கொடுத்தால் எஸ்எஸ்டி தெரியும். விஎம்டியை பயாஸிலேயே அணைத்தும் வைக்கலாம். ஆனால் ஏற்கனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் அதைப் போய் மாற்றாதீர்கள். அடுத்த முறை நீலத்திரைதான் வரும். மறுபடி பழையபடி மாற்றினால் சரியாகிவிடும், ஆனாலும் அந்தப் பதற்றம் தேவையா?

விண்டோஸ் பக்கம்

ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். திரையின் கீழ்ப்பாதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு பட்டை. பட்டையின் தலைப்பில் நீலக்கோடு இருந்தால் அங்கே பார்ட்டிஷன் இருக்கிறது. கறுப்புக்கோடும் 'அன்அலகேட்டட்' என்ற சொல்லும் இருந்தால் இன்னும் பார்ட்டிஷன் போடவில்லை. புதிதாக வாங்கிய டிரைவ் 'திஸ் பிசி'யில் தெரியாததற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். டிரைவ் நன்றாக இருக்கிறது, ஃபார்மட் செய்யவில்லை, அவ்வளவே. இடதுபுறப் பெட்டியில் ரைட் கிளிக் செய்து இனிஷியலைஸ் கொடுங்கள். பிறகு கறுப்புப் பட்டையில் ரைட் கிளிக் செய்து 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்து, கேட்பதற்கெல்லாம் நெக்ஸ்ட் அழுத்தினால் முடிந்தது.

இனிஷியலைஸ் செய்யும்போது, பார்ட்டிஷன் பட்டியலை எழுதும் முறை எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கும். ஜிபிடி என்று சொல்லிவிடுங்கள். பழைய எம்பிஆர் முறையில் இட எண்களை எழுத 32 பிட்தான் உண்டு, அதனால் 2 டிபிக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. 4 டிபி டிரைவில் பாதி கறுப்பாகக் கிடப்பதற்குக் காரணம் இதுவே. 1 டிபி டிரைவ் 931 ஜிபி என்று காட்டுவது வேறு கதை. கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024ஆக எண்ணுகிறது. யாரும் எதையும் திருடவில்லை.

நீலப் பட்டை இருக்கிறது, எழுத்து மட்டும் இல்லை என்றால் ரைட் கிளிக் செய்து எழுத்து கொடுத்தால் போதும். 'ரா' என்று காட்டினாலோ, ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்டாலோ நிதானம் தேவை. லினக்ஸிலோ மேக்கிலோ ஃபார்மட் செய்த டிரைவும் விண்டோஸுக்கு இப்படித்தான் தெரியும். உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கும், படிக்கத்தான் தெரியாது.

'ஆஃப்லைன்' என்று காட்டும் டிரைவும் உண்டு. பழைய டிரைவைப் புது எஸ்எஸ்டிக்கு குளோன் செய்தவர்களுக்கு அடிக்கடி நேர்வது. குளோன் என்றால் டிரைவை அப்படியே நகலெடுப்பது, அதில் அடையாள எண்ணும் அச்சு அசலாகப் பிரதி ஆகிவிடுகிறது. ஒரே எண்ணில் இரண்டு பேர் வந்து நின்றால் விண்டோஸ் ஒருவரை வெளியே நிறுத்திவிடும். குளோன் முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய டிரைவைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் வைத்து ஒருமுறை பூட் செய்யுங்கள். அதுதான் சிக்கல் இல்லாத வழி.

யூஎஸ்பியில் செருகும் டிரைவ்கள்

இங்கே பிரச்சினை பெரும்பாலும் மின்சாரம். 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் 5 வோல்ட்டில் ஓடும் என்பதால் யூஎஸ்பியே போதும். 3.5 அங்குலத்தின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும், அதனால்தான் அதற்குத் தனி அடாப்டர். யூஎஸ்பி 2.0 போர்ட் கொடுக்க வேண்டிய அளவு 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. சுற்ற ஆரம்பிக்கும் அந்தச் சில நொடிகளில் ஹார்ட் டிஸ்க் அதிக மின்சாரம் கேட்கும். கேபினெட்டின் முன்பக்கப் போர்ட், மலிவு ஹப், நீளமான கேபிள் எல்லாம் அங்கேதான் காலை வாரும். மதர்போர்டின் பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகிப் பாருங்கள். வேறு கேபிளும் முயலுங்கள். டைப் சி கேபிள்களில் சார்ஜ் மட்டும் செய்பவை உண்டு, அவற்றில் டேட்டா கம்பியே இருக்காது.

உள்ளே சாட்டா டிரைவ் இருந்தால் பெட்டியைப் பிரித்து நேரடியாக மதர்போர்டில் மாட்டியும் பார்க்கலாம். பல நேரம் கெட்டிருப்பது பெட்டிக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட்தான். சில போர்ட்டபிள் டிரைவ்களில் யூஎஸ்பி இணைப்பு டிரைவின் போர்டிலேயே பற்ற வைத்திருக்கும், அவற்றைப் பிரிப்பதில் லாபமில்லை.

உண்மையிலேயே கெட்டுவிட்டதென்றால்

ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் காதை வைத்துக் கேளுங்கள். மெல்லிய ரீங்காரம் ஆரோக்கியம். சீரான இடைவெளியில் 'டக்... டக்...' என்று அடித்துக்கொண்டால், மின்சாரம் போதாமல் இருக்கலாம், இல்லாவிட்டால் படிக்கும் ஹெட் போய்விட்டது. 'பீப்' மாதிரிச் சத்தம் வந்தால் தட்டுகள் சுற்ற முடியாமல் சிக்கிக்கொண்டிருக்கின்றன. நல்ல கேபிளில், நல்ல பவரில் போட்டும் சத்தம் தொடர்ந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அந்த நிலையில் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டைக் கீறிக்கொண்டிருக்கலாம். ஃப்ரீசரில் வைப்பது, மேசையில் தட்டுவது, ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறப்பது எல்லாம் வேண்டாம். ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான், ஒரு தூசி போதும் கதையை முடிக்க.

எஸ்எஸ்டிக்கு இந்தச் சத்தமெல்லாம் கிடையாது. நேற்று வரை ஓடியது இன்று இல்லை, அவ்வளவுதான். சில நேரம் தன் பெயரையே மறந்துவிடும். ஃபைசன் என்ற சிப் கம்பெனியின் எஸ்11 சிப் போட்ட மலிவு எஸ்எஸ்டிகள் பழுதானால் பயாஸில் கம்பெனி பெயருக்குப் பதில் 'சாட்டாஃபிர்ம் எஸ்11' என்று காட்டும். அப்படிக் கண்டால் கேபிளை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

விட்டு விட்டுத் தெரியும் டிரைவுக்கு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். டிரைவ் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புகளை அது காட்டும். 05, சி5 என்ற வரிசைகளில் எண் ஏறிக்கொண்டே போனால் தட்டில் இடங்கள் கெட்டுக்கொண்டிருக்கின்றன, காப்பி எடுக்கும் வேலையை இன்றே தொடங்குங்கள். சி7 வரிசை மட்டும் ஏறினால் சந்தோஷப்படலாம். அது டேட்டா வழியில் சிதைந்து வந்ததன் கணக்கு, சாட்டா டிரைவில் பெரும்பாலும் கேபிள் கோளாறு. கேபிளை மாற்றியபின் அந்த எண் குறையாது, மேற்கொண்டு ஏறாமல் நின்றால் சரி.

வாரன்ட்டியில் இருக்கிறது என்று கம்பெனிக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். வழக்கமாக உங்களுக்குத் திரும்பி வருவது வேறொரு டிரைவ். பழையதும் அதற்குள் இருந்தவையும் திரும்பாது. டேட்டா வேண்டுமென்றால் முதலில் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் காட்டுங்கள், திறந்து பார்க்கும் முன் செலவு எவ்வளவு, மீட்க முடியாவிட்டால் கட்டணம் உண்டா, வாரன்ட்டி ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டி வருமா என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.